தாள் பழையது, எழுத்துப் புதியது: ஜார்ஜ்டவுனில் ஒரு கடிதக் கட்டு

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுனில் கைமாறிய, மூன்று உருப்படி கொண்ட கடிதக் கட்டு. ஒன்று போலி, ஒன்று வெறும் அச்சு, ஒன்று அசல். வாங்கியவர் கொடுத்த 5,200 வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) 4,500 போலிக்குப் போனது. அவர் ஏமாளி இல்லை. நெடுங்காலமாகத் தபால்தலை சேர்ப்பவர். உருப்பெருக்கியும் புற ஊதா விளக்கும் சொந்தமாக வைத்திருப்பவர். சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினார். சோதனையும் பொய் சொல்லவில்லை. 'தாள் பழையதா?' என்று கேட்டார், 'ஆமாம்' என்றது. 'எழுத்துப் பழையதா?' என்று அவர் கேட்கவே இல்லை. விற்றவர், வாங்கியவர் பெயர்கள் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

கட்டில் இருந்தவை

முதலாவது, தமிழில் மை தொட்டு எழுதிய ஒற்றைத் தாள். இடம் பினாங்கு, தேதி 28-12-29, சனிக்கிழமை. 14 வரி. கீழே 'ஈ. வெ. ராமசாமி' என்று கையொப்பம். பெரியார் முதன்முறை மலாயா வந்தது 1929 டிசம்பரில், மறுமுறை 1954 டிசம்பரில். முதல் பயணத்தில் தமக்கு வரவேற்புக் கொடுத்த ஒரு சங்கத்துக்கு நன்றி சொல்லி அவர் எழுதியதாகக் கடிதம் அமைந்திருக்கிறது. பின்பக்கம் வேறு கையெழுத்தில் 'பெரியார் கடிதம் 1929' என்று ஒரு குறிப்பு. உறை இல்லை.

இரண்டாவது, மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கையொப்பமிட்ட தட்டச்சுக் கடிதம், 1978. மூன்றாவது, நேரு கையொப்பத்தோடு கூடிய நன்றி அட்டை. அவர் மலாயா வந்த 1946ஆம் ஆண்டைத் தேதியாகக் காட்டுவது.

விற்றவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி: 'தாத்தா கிட்டங்கியில கணக்கு எழுதினவரு அண்ணே. அவரு பெட்டியிலதான் கெடந்துச்சு. சந்தேகம்னா லைட்டு அடிச்சுப் பாத்துக்கோங்க.' கிட்டங்கி என்பது செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடம். இந்தச் செய்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். கடிதம் பெரியாருடையது என்று அவர் எங்குமே சொல்லவில்லை, பெட்டியில் கிடந்தது என்று மட்டும்தான் சொல்கிறார். தவிர, விற்பவரே ஒரு சோதனையைச் சொல்லித் தருகிறார் என்றால் சரக்கு அதில் தேறும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

விளக்குச் சோதனை எதைச் சொன்னது

இருட்டறையில் 365 நானோமீட்டர் விளக்கைக் காட்டினால், 1950களுக்குப் பிந்தைய வெள்ளைத் தாள் பெரும்பாலும் பளீரென்று நீலவெண்மையாக ஒளிரும். தாள் வெளுப்பாகத் தெரிவதற்காகக் கூழில் சேர்க்கும் ஒளிர்வுப் பொருள்தான் காரணம். இந்தத் தாள் ஒளிரவில்லை. மங்கிய பழுப்பாகவே இருந்தது. வாங்கியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இந்தச் சோதனையில் வழுக்கும் இடங்கள் மூன்று. ஒளிர்வுப் பொருள் சலவைத்தூளிலும் உண்டு. துவைத்த துணியில் சுற்றி வைத்திருந்த பழைய தாள் ஓரங்களில் மின்னிப் பயமுறுத்தும். ஓவியத்தாளும் காப்பகத் தாளும் இன்றைக்கும் அந்தப் பொருள் சேர்க்காமலே வருகின்றன. ஆகவே ஒளிராத தாளெல்லாம் பழையதும் இல்லை. மூன்றாவது, மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் விளக்கு. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சம் ஏராளமாக வரும், அது எல்லாத் தாளையும் ஒரேபோல் ஊதாவாகக் காட்டும். பணத்தாள் பார்க்க உதவலாம், கடிதம் பார்க்க உதவாது.

இங்கே விளக்கும் சரி, விடையும் சரி. தாள் உண்மையிலேயே பழையது. ஆனால் எழுதாத பழைய தாள் பினாங்கில் கிடைக்காத பொருளா? பினாங்கு வீதிக் கிட்டங்கிகளிலிருந்து காலத்துக்குக் காலம் வெளியேறிய பேரேடுகளின் கடைசிப் பத்திருபது பக்கங்கள் வெற்றாகத்தான் இருக்கும். பழைய புத்தகங்களின் முன்தாள் இன்னொரு வழி. போலி செய்பவருக்குக் கிடைக்கக் கடினமான பொருள் மையும் இல்லை, தாளும் இல்லை. அந்தக் காலத்துக் கை.

அளவுகோலும் சாய்ந்த வெளிச்சமும்

எந்தச் சோதனைக்கும் முன்னால், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாம். விரலுக்கு உணர்வு போய்விடும், கிழிந்த ஓரம் நூலில் மாட்டும். கழுவி நன்றாக உலர்த்திய வெறுங்கையே நல்லது.

தாளின் அளவு 20.3 × 25.6 செ.மீ. அகலம் முழு ஃபூல்ஸ்கேப் அளவு. உயரம் 33 இருக்க வேண்டியது, 7 செ.மீ.க்கு மேல் குறைகிறது. மூன்று ஓரம் காப்பிக் கறை நிறம், கீழ் ஓரம் மட்டும் வெளிர். உருப்பெருக்கியில் அந்த ஓரத்தின் நார்கள் நறுக்கென்று வெட்டுப்பட்டுத் தெரிந்தன. இடது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் நான்கு தையல் துளை. வலப்பக்கம் மங்கிய சிவப்பு நிறத்தில் இரண்டு செங்குத்துக் கோடு. கணக்கேடு பார்த்துப் பழகியவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை: இது பேரேட்டிலிருந்து எடுத்த தாள்.

அடுத்து, கைப்பேசி விளக்கை மேசையோடு படுக்க வைத்து, தாளின் மேல் வெளிச்சம் சாய்வாகப் படும்படி பார்த்தது. தலைப்பகுதியின் நடுவில் 9 மி.மீ. நீளத்துக்கு ஒரு நீள்வட்டம் சொரசொரத்தது. பிளேடால் சுரண்டிவிட்டு நகத்தால் தேய்த்துப் படிய வைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் புற ஊதா விளக்கைக் காட்டியதும் கறுப்பாக எழுந்து வந்தது 'உ'. அடியில் ஒரு கோடு.

பிள்ளையார் சுழி! இரும்பு கலந்த பழைய கருநீல மை தாளுக்குள் ஊறி இறங்கும். மேலே சுரண்டினால் நிறம் போகும். உள்ளே தங்கிய எச்சம் புற ஊதாவை விழுங்கி இருட்டாகத் தெரியும். பெரியார் பெயரில் போலி செய்ய ஒருவர் தேடிப் பிடித்த தாளின் தலையில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். 1953இல் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தியவர் பெரியார். சுரண்டாமல் வேறு வழி?

சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். ஊருக்கு வந்த விருந்தினருக்கு அவசரத்துக்கு யாரோ பேரேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்திருக்கலாம், அவரே சுழியைச் சுரண்டிவிட்டு எழுதியிருக்கலாம். நடக்க முடியாதது அல்ல. இந்த வாதத்தை முறித்தது பூச்சி.

பூச்சி ஓட்டை

ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகள் தாளில் ஏழு. நான்கு வெற்றிடத்தில், மூன்று எழுத்தின் மேல். எழுதி முடித்த தாளைப் பூச்சி துளைத்தால், கோடு ஓட்டையின் விளிம்பில் கத்தரித்ததுபோல் நிற்கும். ஓட்டையின் உட்சுவரில் மை இருக்காது. துளைத்த பிறகு எழுதினால் மை உட்சுவரில் இறங்கி விளிம்பைச் சுற்றிக் கசியும். பார்க்கப் பத்து மடங்கு உருப்பெருக்கி போதும்.

மூன்று ஓட்டையிலும் மை கசிந்திருந்தது. 9ஆம் வரியில் ஒரு 'ழ'வின் கீழ்ச்சுழி ஓட்டைக்கு நேரே வந்ததும் நின்று, அரை மில்லிமீட்டர் தள்ளி மறுபடி தொடங்கியது. எழுதிய கை ஓட்டையைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறது. புழக்கத்தில் இருந்த 1929ஆம் ஆண்டுப் பேரேட்டிலிருந்து அன்றைக்குக் கிழித்துக் கொடுத்த தாளில் ஏழு பூச்சி ஓட்டை எப்படி வந்திருக்கும்? தாள் பல பத்தாண்டு கிடந்து, பூச்சி தின்று, அதற்குப் பிறகுதான் எழுத்து ஏறியிருக்கிறது. மற்றச் சான்றுகள் எல்லாம் இதற்குத் துணை.

துணைச் சான்றுகளில் மை கொஞ்சம் பேசுகிறது. கோடுகளின் ஓரம் நூல்நூலாகப் பிரிந்திருந்தது. மை பரவாமல் இருக்கத் தாளுக்கு ஏற்றும் பசைப்பதம் காலப்போக்கில் வலுவிழக்கும். பழைய தாளில் புதிய மை இப்படித்தான் ஓடும். வீட்டுக் காவலுக்குப் பூட்டும், அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் இரவுக் கேமராவின் கீழ் வைத்துப் பார்த்ததில் 14 வரியும் அறவே மறைந்தன. அதாவது எழுதியது சாய மை. கரி மை என்றால் கறுப்பாகவே நிற்கும், இரும்பு மை மங்கலாகவாவது தெரியும். ஆனால் சாய மை 1929இலும் இருந்தது. இதை மட்டும் வைத்துக்கொண்டு போலி என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எழுத்தும் சொல்லும்

தமிழ்க் கடிதம் பார்ப்பவருக்கு ஆங்கிலக் கடிதக்காரரிடம் இல்லாத ஒரு சாதகம் உண்டு: எழுத்துச் சீர்திருத்தம். ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை. இந்த 13 எழுத்துக்கும் பழைய வடிவம் வேறு. ஐகார வரிசை நான்கும் தும்பிக்கை தூக்கி நிற்கும். ஆகார வரிசையில் துணைக்கால் தனியே வராமல் எழுத்தோடு சுழித்துக்கொள்ளும். பெரியாரின் 'குடி அரசு' இதழ் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கியது 1935 ஜனவரியில். தமிழ்நாட்டு அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில்.

கடிதத்தில் இந்த எழுத்துகள் வரும் இடம் 19. முதல் இரண்டு மட்டும் பழைய வடிவம், மீதி 17 புதியது. முதல் வரியில் 'இல்லை' தும்பிக்கையோடு நிற்கிறது. ஆனால் அந்தத் தும்பிக்கை ஒரே இழுப்பில் ஏறவில்லை, நடுவில் பேனா எடுத்த இடத்தில் மைப்புள்ளி தேங்கியிருக்கிறது. பார்த்து வரைந்த எழுத்து. 4ஆம் வரிக்குள் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. 1929இல் பள்ளிக்கூடம் போய் வந்த எந்தக் கையும் இதற்கு நேர் எதிராகத்தான் வழுக்கியிருக்கும்.

இந்தச் சான்று ஒருவழிப் பாதை என்பதை மறக்கக் கூடாது. 1935க்கு முந்தைய தேதியில் புது வடிவம் இருந்தால் சந்தேகம். பழைய வடிவம் இருப்பதால் கடிதம் பழையது என்று ஆகாது. 1978க்குப் பிறகும் பெரியவர்கள் தும்பிக்கை போட்டுத்தான் எழுதி வந்தார்கள்.

சொற்களும் காட்டிக்கொடுக்கின்றன. 'செயலாளர் அவர்களுக்கு வணக்கம்' என்று கடிதம் தொடங்குகிறது. அந்தக் காலத்து வழக்கு 'காரியதரிசி'. 'மாநாடு' என்று வருகிறது. அன்று 'மகாநாடு', அதற்குத் தலைமை தாங்கியவர் 'அக்கிராசனர்'. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் மறுக்கலாம். 11ஆம் வரியின் 'மலேசியத் தமிழர்கள்' அப்படி அல்ல. 1929இல் தமிழர் பேசியதும் எழுதியதும் மலாயா, மலாய் நாடு. மலேசியா நாடாக உருவானது 1963 செப்டம்பர் 16இல்.

பின்பக்கக் குறிப்பு நுணுக்கமானது. பெரியார் என்ற பட்டம் 1938 நவம்பர் 13இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் தரப்பட்டது. கடிதத்தைப் பெற்றவர் பிற்காலத்தில் குறித்து வைத்திருக்கலாமே என்றால், நியாயம்தான். ஆனால் குறிப்பின் மையும் இரவுக் கேமராவில் அதேபோல் மறைந்தது, அதேபோல் நூல்நூலாகப் பிரிந்திருந்தது. கிழமை மட்டும் சரியாக இருந்தது, 28-12-1929 சனிக்கிழமைதான். கைப்பேசியில் பத்து நொடியில் பார்க்கக்கூடியது சரியாக இருப்பதால் கடிதத்துக்கு எந்த மதிப்பும் கூடுவதில்லை. தவறாக இருந்தால்தான் செய்தி.

கையொப்பம், கடைசியாக

வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது கையொப்பத்தை. போலி செய்பவரும் நாள் முழுக்க உழைப்பது அதற்குத்தான். எனவே அதைக் கடைசியில் பார்ப்பது நல்லது. இந்தக் கையொப்பம் வெளியீடுகளில் அடிக்கடி அச்சாகும் ஒன்றோடு ஒத்திருந்தது. அதுவும் மிக அதிகமாக. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து திரையில் ஒன்றின் மேல் ஒன்று வைத்தபோது கோடு கோட்டின் மேல் விழுந்தது. எவரும் இரண்டு முறை அச்சு மாறாமல் கையொப்பம் போடுவதில்லை. முழுப் பொருத்தம் என்றால் ஒன்றைப் பார்த்து மற்றது ஒற்றி எடுத்தது. கோட்டின் கனம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருந்தது, முனைகள் மழுங்கியிருந்தன. வேகமாக இழுத்த கோட்டின் முனை மெலிந்து மறையும்.

மறுபக்கமும் உண்டு. பொருந்தாத கையெழுத்தெல்லாம் போலி இல்லை. காந்தி வலக்கை களைத்தால் இடக்கையால் எழுதுவார். கப்பலில் இருந்தபடி 1909இல் எழுதிய 'ஹிந்து சுயராஜ்யம்' கையெழுத்துப் படியிலேயே இரண்டு கையும் உண்டு. ஒப்பிட எடுக்கும் மாதிரி அதே மொழி, அதே காலம், அதே வகைப் பேனாவாக இருக்க வேண்டும். மூன்று மாதிரிக்குக் குறைந்தால் கருத்துச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. நேதாஜி பெயரில் வருபவற்றுக்கு இரண்டு குறுக்கு வழி: ஆங்கிலத்தில் அவர் தம் பெயரை 'சுபாஸ்' என்று ஒலிக்கும்படி, ஈற்றில் 'எச்' இல்லாமல் எழுதினார், நியூயார்க் கடையில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில்.

உறை இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். 1929 பினாங்கு உறையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை கொண்ட ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) தபால்தலை இருக்கும். ஜப்பானியர் காலத்தில் பழைய தபால்தலையின் மேல் 'டாய் நிப்பொன் 2602' (ஜப்பானியக் கணக்கில் 1942) மேலச்சு, 1945 முதல் 'பி.எம்.ஏ. மலாயா' (பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) மேலச்சு, 1948 முதல் பினாங்கு பெயரிலேயே ஆறாம் ஜார்ஜ். முத்திரைத் தேதியும் கடிதத் தேதியும் ஒத்துப்போக வேண்டும். கடிதத்தின் மடிப்பு உறைக்குள் அடங்க வேண்டும். சென்னையிலிருந்து வந்ததாகச் சொல்லும் 1960களின் உறையில் ஆறிலக்க பின்கோடு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அது 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது.

சென்னைச் சரக்குக்கு இன்னொரு வினா உண்டு. வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த கையெழுத்து ஆவணத்தைத் தனியார் ஏற்றுமதி செய்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. 'பினாங்கிலேயே தாத்தா பெட்டியில் கிடந்தது' என்ற கதை அந்த வினாவையும் அழகாக அடைத்துவிடுகிறது.

மற்ற இரண்டு

நேரு அட்டைக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. உருப்பெருக்கியில் கையொப்பம் புள்ளி புள்ளியாகச் சிதறியது, அச்சு. விளக்கில் அட்டை நீலமாக எரிந்தது. 100 வெள்ளி நட்டம்.

துங்கு கடிதம் அசல். தட்டச்சு எழுத்துகள் தாளை அமுக்கிப் பின்பக்கம் தடவினால் தட்டுப்படுகின்றன; கையொப்பம் நீலப் பால்பாயிண்ட், கோட்டின் நடுவில் குண்டு உருண்ட பள்ளம் தெரிகிறது; வெளியான மாதிரிகளோடு ஒத்தும் போகிறது, அச்சாக ஒட்டவும் இல்லை. இரண்டு பஞ்ச் துளை இருந்ததால், அரசுக் கோப்பிலிருந்து வந்ததோ என்று பார்க்க வேண்டியிருந்தது. மேல்படி, அதாவது கையொப்பமிட்டு அனுப்பிய முதல் தாள், பெற்றவருக்குச் சொந்தம். இது ஒரு சங்கத்துக்கு வந்த மேல்படி, துளை சங்கக் கோப்பினுடையது. மெல்லிய தாளில் கார்பன் நகலாக இருந்து, அலுவலகக் கோப்பு எண்ணும் இருந்திருந்தால் அது மலேசியாவின் 2003ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி பொது ஆவணமாகக்கூடும். 'சுலிட்' (மலாயில் இரகசியம்) முத்திரை இருந்தால் விலை பேசவே கூடாது. படம் எடுத்து வெளியிடவும் யோசிக்க வேண்டும்: தாள் வாங்கியவருடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது, மலேசியச் சட்டத்தில் ஆசிரியர் மறைவுக்குப் பின்னும் 50 ஆண்டு நீடிக்கும். துங்கு மறைந்தது 1990இல்.

இதன் துயரம் வேறு. மடிப்பு கிழிந்திருந்ததால் யாரோ செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கிவிட்டது. பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டி எடுக்கப் பார்த்ததில் இன்னும் இறங்கி, தாள் எண்ணெய்க் காகிதம்போல் ஆகியிருக்கிறது. டேப் கையொப்பத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி நிற்கிறது. பால்பாயிண்ட் மை ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரையும். பசையைக் கரைக்க ஒரு சொட்டு விட்டால் கையொப்பமும் கூடவே வரும். காகிதப் பாதுகாப்பு படித்தவர் கைக்குப் போகும்வரை தொடாமல் இருப்பதுதான் சிகிச்சை. புதுக் கிழிசல் என்றால் ஜப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை மாப்பசையும். லேமினேட் மட்டும் எந்நாளும் வேண்டாம், அதைத் திருப்பி எடுக்க முடியாது.

பினாங்குக் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டும். 65க்கு மேல் நீடித்தாலே பூஞ்சை பிடிக்கும். பகலில் குளிர்சாதனம் போட்டு இரவில் அணைப்பது மூடியே வைப்பதைவிடக் கெடுதல், தாள் தினமும் ஒருமுறை விரிந்து சுருங்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார டிரை பாக்ஸ் வசதியானது. ஆனால் அவர்கள் வைக்கும் அளவில் வைக்கக் கூடாது. தாளுக்கு 45 முதல் 50, நாற்பதுக்குக் கீழே போனால் மடிப்பு நொறுங்கும். உள்ளே அமிலமில்லாக் காகித மடிப்புறை. வெளியே எடுத்துக் காட்டுவது என்றால் இரண்டு பக்கம் திறந்த பாலியெஸ்டர் உறை, 75 அல்லது 100 மைக்ரான். ஆல்பத்துப் பிவிசி உறை மையை உறிஞ்சும். பூச்சியோடு வந்த தாளைக் காற்றுப் போகாத பையில் இறுக்கி, மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் தாளின் மேலேயே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

பணம் பாதிதான் திரும்பியது. 'பெரியார் கடிதம்' என்று விற்றவர் எழுத்தில் ஒரு வரிகூட இல்லாததால் முழுப் பணம் கேட்க வாங்கியவரிடம் பிடிமானம் இல்லை. ரசீதில் கடிதம் எழுதியவர் பெயர், கடிதத் தேதி, 'அசல் அல்லவெனில் முழுப் பணம்' என்ற மூன்றும் இருக்க வேண்டும். எழுதித் தரத் தயங்குபவரிடம் 4,500 வெள்ளி கொடுக்கக் கூடாது.

போலியைக் கிழித்துப் போடவில்லை. பேரேட்டுத் தாள், சுரண்டிய சுழி, கசிந்த ஓட்டை, தடுமாறிய தும்பிக்கை எல்லாம் அடுத்த கடிதத்தோடு ஒப்பிட உதவும். ஆனால் வீட்டில் அடுத்து பெட்டியைத் திறப்பவர் அசலென்று நினைத்து விற்றுவிடலாம். உறையில் மட்டும் குறித்தால் உறை ஒருநாள் தனியே போய்விடும். அதனால் தாளின் பின்பக்கம், கீழ் மூலையில், மெல்லிய 2பி பென்சிலால் 'போலி' என்று எழுதி வைத்தாயிற்று.